கொல்லையில் கண்டதை வாய்விட்டுச் சொல்லுங்க!

(பண்ணை நேயர்களுக்காக வானொலியில் பேசிய பேச்சு)



வயலைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொல்லையைப் பற்றிப் பேசலாம். நாலு கத்தரிச் செடி, ரெண்டு புடலைக் குழி, பந்தலில் ஓர் அவரைக் கொடி, கிணற்றடியில் ஒரு மல்லிகை. இவ்வளவுதானே, இதிலே பேச என்ன இருக்கு என்று கேட்பீங்க. இருக்குங்க. நான் பார்த்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா மாசி மாதத்தில் பந்தல் அவரை ஊன்றினாங்க. குழிக்கு ரெண்டு கூடை தொழு உரம், தினம் ஒரு குடம் தண்ணீர். கொடி பந்தலை மூடி, கூரை மேலேயும் ஏறிவிட்டது. சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஒரு பூ இல்லை. பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் வேலியோரம் நின்று, "கொடி எவ்வளவு செழிப்பா இருக்கு!" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். கண்ணு பட்டுப்போச்சு என்று முடிவு கட்டி, ஆனி மாதத்தில் கொடியை அடியோடு அறுத்துப் போட்டாங்க அக்கா. அன்றையிலிருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

கண்ணும் இல்லை, காத்தும் இல்லைங்க. நம் பழைய பந்தல் அவரைக்குப் பகல் பொழுது குறுகி, இரவு நீள வேண்டும். அப்போதுதான் அது பூ வைக்கும். ஆடியில் ஊன்றினால் கொடி வளர்ந்து தயாராகிற நேரமும், ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறுகுகிற நேரமும் ஒத்துப்போகும். மாசியில் ஊன்றினால் வளர்கிற காலமெல்லாம் பகல் நீண்டுகொண்டே போகும். இலையும் கொடியும்தான் மிஞ்சும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பெரியவங்க சொன்னதை மழைக்காக மட்டும் சொன்னதாக எண்ண வேண்டாம். எந்தப் பட்டத்திலும் அவரை வேண்டும் என்கிறவர்கள், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து அவரை ரகங்களைப் போடலாம். அவை பகல் பொழுதைப் பார்ப்பதில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்கும் நாலு வருஷத்துக்கு முன்னால் மாசியில் ஊன்றி இதே கதிதான். "ஊர் சிரிக்குமே என்று வெளியே சொல்லலைங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், இந்த அக்காவின் நாலு மாத உழைப்பு வீணாகியிருக்காது. ரெண்டு வீட்டு உறவும் முறிந்திருக்காது. காய்த்தால் கண்ணு படும் என்று மறைக்கிறோம். காய்க்காவிட்டால் சிரிப்பாங்க என்று மறைக்கிறோம். அப்புறம் ஒருத்தர் பட்டது இன்னொருத்தருக்கு எப்படித் தெரியும்?

காலண்டரில் நாலு குறிப்பு

பேசுவதற்குக் கணக்கு வேண்டும். "போன வருஷம் எப்பவோ போட்டேன்" என்றால் யாருக்கும் உதவாது. அடுப்படிச் சுவரில் தொங்குகிற காலண்டரிலேயே குறித்து வையுங்க. ஊன்றிய நாள், முதல் பூ வந்த நாள், முதல் காய் பறித்த நாள், வந்த பூச்சி அல்லது நோய். இந்த நாலும் போதும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில கணக்குகள் சொல்கிறேன். அரைக்கீரை விதைத்து 25 முதல் 30 நாளில் முதல் அறுப்புக்கு வரும். வெண்டை ஏறக்குறைய 45 நாளில் பறிப்புக்கு வரும். கத்தரி நாற்று 30, 35 நாளில் பிடுங்கி நடுகிற பக்குவம் அடையும். நட்ட பிறகு 55 முதல் 60 நாளில் காய் பறிக்கலாம். உங்கள் செடி இதைவிட ரொம்பப் பிந்தினால், பக்கத்து வீட்டுக் காலண்டரைப் பாருங்க. அங்கேயும் பிந்தியிருந்தால் விதையோ பட்டமோ காரணமாக இருக்கலாம். உங்கள் வீட்டில் மட்டும் பிந்தினால் நிழலையும் தண்ணீரையும் உரத்தையும் கவனியுங்க.

பூ உதிர்ந்தால் பயம் வேண்டாம்

"பூசணி பூக்குது, எல்லாம் உதிர்ந்து போகுது" என்று தாய்மார்கள் குறை சொல்கிறார்கள். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். பூவுக்கு அடியில் சின்னப் பிஞ்சு உருண்டையாகத் தெரிந்தால் அதுதான் பெண் பூ. அந்தப் பிஞ்சும் வெம்பி விழுந்தால், தேனீ வரத்து குறைவு என்று சந்தேகப்படலாம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கிற மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்க. சுரைக்கு இதே வேலையைச் சாயங்காலம் செய்ய வேண்டும். அதன் வெள்ளைப் பூ அந்தி சாய்கிற நேரத்தில்தான் விரியும். பூசணிக்கு மருந்து தெளிக்க வேண்டியிருந்தால் காலை நேரத்தில் தெளிக்காதீங்க. தேனீக்கள் செத்துப்போனால் அது தெருவுக்கே நஷ்டம்.

பூச்சிக்கு வேலி கிடையாது

கத்தரியில் நுனிக் குருத்து தலை சாய்ந்து வாடி நின்றால், உள்ளே புழு குடைகிறது என்று பொருள். வாடிய பகுதிக்குக் கொஞ்சம் கீழே நறுக்கி எரித்துவிடுங்க. சொத்தைக் காய்களையும் அப்படியே. வேலி ஓரத்தில் வீசி எறிந்தால், அந்தப் புழு அந்துப்பூச்சியாகி ரெண்டு வீட்டுக்கும் வரும். நீங்கள் மட்டும் நறுக்கி, பக்கத்து வீட்டில் விட்டுவைத்தாலும் பலன் இல்லை. அதனால் கண்டதும் சொல்லுங்க, ரெண்டு வீட்டிலும் ஒரே நாளில் நறுக்குங்க.

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாக வலை போட்டதுபோல் தெரிந்தால், அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய். பிடித்த செடியைக் குணமாக்க மருந்து இல்லை. ஒரு செடியில் கண்டவுடனே பிடுங்கி அழித்தால் மற்றதைக் காப்பாற்றலாம். வெள்ளை ஈயைக் குறைக்க வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, 10 லிட்டராகத் தண்ணீர் சேர்த்து, கொஞ்சம் சோப்பு கரைத்துக்கொள்ளுங்க. அன்று சாயங்காலமே இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்து முடித்துவிட வேண்டும்.

பூச்செடிகள்

குண்டு மல்லியைக் கார்த்திகையில் கவாத்து செய்ய வேண்டும். தரையிலிருந்து ஒரு முழ உயரம் விட்டு, மேலே வெட்டிவிடுங்க. "பூக்கிற செடியில் கத்தி வைக்கலாமா?" என்று தயங்குகிறவர்கள், கவாத்து செய்த வீட்டைப் பங்குனி, சித்திரையில் போய்ப் பாருங்க. புதுத் துளிரில்தான் மொட்டு கட்டும்.

டெல்லி கனகாம்பரம் விதை கட்டாது. குச்சி வெட்டி வைத்துத்தான் உண்டாக்க வேண்டும். ஒருத்தர் கொடுத்தால்தான் இன்னொருத்தர் வீட்டில் அது பூக்கும். தக்காளி போட்டிருந்தால் ஓரத்தில் துலுக்கச் சாமந்தி வையுங்க. காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி அந்தப் பூவைத் தேடிப் போய் முட்டையிடும். பூவும் ஆச்சு, தக்காளிக்குக் காவலும் ஆச்சு.

கொடுத்த விதை திரும்பி வரும்

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. ஊதா விளிம்பு போட்ட அவரை ஒன்று எங்கள் அம்மா காலத்திலிருந்து இருந்தது. ஒரு வருஷம் நான் அவசரத்தில் சாம்பல் கலக்காமல் பானையில் போட்டு மூடிவிட்டேன. ஆடியில் திறந்தால் அத்தனை விதையிலும் வண்டு துளை. கடையில் தேடினேன், அந்த ரகம் இல்லை. அம்மா என்றைக்கோ ஒரு கை விதை அள்ளிக் கொடுத்திருந்த கீழத்தெரு வீட்டிலிருந்துதான் திரும்பக் கிடைத்தது. கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த அவரை எங்களோடு ஒழிந்திருக்கும்.

ஆகவே நல்ல காயைக் கொடியிலேயே முற்றவிட்டு விதைக்கு எடுங்க. அவரை விதையை நன்றாகக் காயவைத்து அடுப்புச் சாம்பலில் புரட்டி வையுங்க. பூசணி, சுரை விதைகளைப் பெரியவங்க சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பார்கள், அதுவும் நல்ல வழிதான். வீரிய ஒட்டு ரகத்தில் மட்டும் விதை எடுக்க வேண்டாம், தாய்ச்செடி போல வராது. எடுத்த விதையில் ஒரு பங்கைக் கட்டாயம் அடுத்த வீட்டுக்குக் கொடுங்க.

1960களில் தஞ்சைச் சீமையில் ஆடுதுறை 27 நெல், வானொலியில் கேட்டுக் கேட்டுப் பரவியதால் "ரேடியோ நெல்" என்றே பெயர் வாங்கியது. ஊருக்கு ஊர் சொல்ல வானொலி இருக்கிறது. வீட்டுக்கு வீடு சொல்ல நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அந்த அக்கா என்ன ஆனாங்க என்று கேட்பீங்க. விஷயத்தை நான் ரெண்டு பேருக்கும் எடுத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டம்மாவே விதை கொடுத்து, ஆடியில் ஊன்றச் சொன்னார். கார்த்திகையில் பந்தல் கொள்ளாத காய். முதல் பறிப்பில் ஒரு முறம் அவரை வேலிக்கு அந்தப் பக்கம் போனது. இப்போது ரெண்டு வீட்டுக் காலண்டரையும் ஒன்றாக வைத்துத்தான் பட்டம் பார்க்கிறார்கள்.

நீங்களும் இந்த ஆடியில் தொடங்குங்க. பொங்கலன்று நாலு வீட்டார் உட்கார்ந்து, எது வந்தது, எது வரலை என்று மறைக்காமல் பேசுங்க.