ரோட்டிலிருந்து எத்தனை படி, சார்?

‘‘லேக் வியூ ரூம் சார்! ஜன்னலைத் திறந்தா ஏரி உள்ளே வந்துடும்!’’

போனில் அந்தக் குரல் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. வாடகையைச் சொன்னபோது இன்னும் புல்லரித்தது. அவ்வளவு மலிவு! பி.காம். மூளையல்லவா... மிச்சமாகும் பணத்தில் எத்தனை கிலோ ஹோம்மேட் சாக்லேட் வாங்கலாம் என்பதுவரை உடனே கணக்குப் போட்டுவிட்டது.

இது நடந்தது 2022 மே மாதம். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் குடும்ப சமேதராகப் புறப்பட்டோம். நான், மனைவி, இரண்டு வாண்டுகள், அம்மா, அப்பா. அப்பாவுக்கு அப்போது 71 வயசு. அவருடைய இரண்டு முழங்கால்களும் பத்து வருஷமாகவே ஒத்துழையாமை இயக்கம் நடத்திக்கொண்டிருந்தன.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் சின்னவன் இரண்டு தடவை வாந்தி எடுத்து, வெள்ளி அருவியில் முகம் கழுவிக்கொண்டு, ஒருவழியாக லாட்ஜ் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். வாசல் இருந்தது. போர்டு இருந்தது. கட்டடத்தைத்தான் காணோம்!

‘‘கட்டடம் எங்கே தம்பி?’’

ரூம் பையன் பள்ளத்தைக் காட்டினான். ‘‘கீழே சார்!’’

‘‘போன்ல கிரவுண்ட் ஃப்ளோர்னு சொன்னாங்களே?’’

‘‘கிரவுண்ட் ஃப்ளோர்தான் சார். கிரவுண்டே கீழேதான் இருக்கு!’’

மொத்தம் 46 படிகள். நான் எண்ணவில்லை. அப்பா எண்ணிக்கொண்டே இறங்கினார்.

லேக் வியூ? இருந்தது. பாத்ரூமில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, வென்டிலேட்டர் வழியாக எட்டிப் பார்த்தால், இரண்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே கைக்குட்டை அகலத்துக்கு ஏரி தெரிந்தது. ‘‘என்னங்க, ஏரி உள்ளே வந்துடுச்சா?’’ என்று வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள். ஏரி வரவில்லை. ஈரம்தான் வந்திருந்தது, சுவர் முழுக்க!

அன்று ராத்திரி அப்பா, ‘‘எனக்குச் சாப்பாடு வேணாம்டா. மத்தியானம் சாப்பிட்டதே திம்முனு இருக்கு’’ என்றார். காலையில் காபியும் அரை டம்ளரோடு சரி. நாங்கள் படகில் போனபோது காரிலேயே உட்கார்ந்திருந்தார். ‘‘எப்படிப்பா இருக்கு?’’ என்று கேட்டேன். ‘‘ரொம்ப நல்ல இடம்டா. குளுகுளுன்னு இருக்கு!’’ என்றார்.

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து, சமையலறையில் வைத்து அம்மா சொன்னாள்: ‘‘அந்த ரூம்ல கக்கூஸ் தரையில உட்கார்ற மாதிரி. உட்கார்ந்தா அவரால எந்திரிக்க முடியாது. அதான் ரெண்டு நாளும் சரியாச் சாப்பிடலை, தண்ணிகூடக் குடிக்கலை. ‘புள்ளை ஆசையாக் கூட்டிட்டு வந்திருக்கான், சொன்னா மூஞ்சி வாடிடும், சொல்லாதே’ன்னார்.’’

சாக்லேட் டப்பா மேஜைமேல் திறந்து கிடந்தது. அதற்கப்புறம் நான் அதைத் தொடவில்லை.

2024 காலாண்டு லீவில் குழந்தைகள் மறுபடியும் கொடைக்கானல் என்று ஆரம்பித்தார்கள். ‘‘நீங்க போயிட்டு வாங்கப்பா. வீட்டுக்கு ஒரு ஆள் வேணாமா?’’ என்றார் அப்பா. எதற்காகச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

கடைக்குப் போய் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஹோட்டல்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனைக் கையில் எடுத்தேன். மூன்றாவது கேள்வியிலேயே ஒருவர், ‘‘சார், நீங்க இன்கம்டாக்ஸா?’’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இருந்தாலும் நான் விடவில்லை. வயசானவர்களோடும் குழந்தைகளோடும் மலைக்குப் போகிற யாருக்கும் பயன்படும் என்பதால் இதோ அந்தக் கேள்விகள்:

1. ரோட்டிலிருந்து ரூமுக்கு எத்தனை படி? ஏறணுமா, இறங்கணுமா?

மலைச்சரிவில் கட்டிய கட்டடங்களில் ‘தரைத்தளம்’ என்ற வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. ரோடு சில சமயம் மொட்டை மாடி உயரத்தில் இருக்கும். படிகளை எண்ணிக்கையில் கேளுங்கள். ‘‘கொஞ்சம்தான் சார்’’ என்றால் உஷார்!

2. பாத்ரூம் போட்டோ அனுப்ப முடியுமா?

பால்கனியைப் பத்துக் கோணத்தில் படம் பிடிப்பவர்கள் பாத்ரூமை ஒரு கோணத்தில்கூட எடுப்பதில்லை. வெஸ்டர்ன் டாய்லெட்டா, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, தரை வழுக்குமா... மூன்றும் ஒரே போட்டோவில் தெரிந்துவிடும். அனுப்பத் தயங்கினால் அதுவே பதில்.

3. வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை?

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். ‘வெந்நீர் உண்டு’ என்பது காலை ஆறிலிருந்து எட்டு வரை என்றும் இருக்கலாம். ரூமுக்கு ரூம் கீஸரா, எல்லோருக்கும் பொதுவா, கரன்ட் போனால் ஜெனரேட்டரில் கீஸர் ஓடுமா என்றும் கேளுங்கள். விளக்கு மட்டும் எரிந்தால் குளிக்க முடியாது!

4. ஆறு பேருக்கு எத்தனை கம்பளி?

‘எக்ஸ்ட்ரா பெட்’ என்பது பல இடங்களில் தரையில் விரிக்கும் மெத்தை. மலை ஊர்த் தரை ராத்திரியில் ஐஸ்கட்டி. கட்டிலா, மெத்தையா, எத்தனை வயசு வரை குழந்தைக்குக் காசு இல்லை என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

5. சமையல் உள்ளேயே உண்டா?

கொடைக்கானலில் இருட்டினால் காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே வாக்கிங் வருகின்றன. எட்டு மணிக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மெஸ் தேடிப் போவது புத்திசாலித்தனமல்ல. ரசம் சாதம், தயிர் சாதம் கேட்டால் செய்து தருவார்களா என்றும் விசாரியுங்கள்.

6. டிரைவர் எங்கே படுப்பார்?

இதை யாருமே கேட்பதில்லை. ராத்திரி முழுக்கக் காரிலேயே குளிரில் நடுங்கியவர் கையில்தான் மறுநாள் கொண்டைஊசி வளைவுகளும், நம் குடும்பமும்!

7. வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு?

ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பில் போடுகிறவர் பழைய ஞாபகத்தில் இருந்தால் பணிவாக நினைவுபடுத்துங்கள்.

‘லேக் வியூ உண்டா?’ என்ற கேள்வியை நோட்டிலிருந்து அடித்துவிட்டேன். காரணம் இருக்கிறது. மதுரையில் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-ல் உருவாக்கிய ஏரி அது. நட்சத்திர வடிவத்தில் கைகால் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. சுற்றி சுமார் 5 கிலோமீட்டருக்கு ரோடு. எந்த இடத்தில் காரை நிறுத்தினாலும் ஏரி தெரியும், இலவசமாக! ஜன்னலுக்குக் கொடுக்கிற காசைப் படியில்லாத ரூமுக்குக் கொடுப்பது மேல் என்று இரண்டு வருஷம் கழித்து என் பி.காம். மூளைக்கு உறைத்தது.

ஊருக்குள் விசாரித்து அலுத்து, மேல்மலைப் பக்கம் பூம்பாறையில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டேன். கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். எடுத்தது ஒரு அம்மா. முதல் கேள்வியைக் கேட்டேன்.

‘‘மூணே படிதான் தம்பி. ஆனா மூணாவது படி கொஞ்சம் உசரம். பெரியவங்க வர்றாங்களா? ஒரு கல்லு போட்டு வெக்கட்டுமா?’’

நோட்டை மூடிவிட்டேன்.

‘‘ஏரி தெரியுமாம்மா?’’ என்று சும்மா கேட்டேன். ‘‘ஏரியெல்லாம் தெரியாது. பூண்டு வயல்தான் தெரியும்’’ என்றார். பாத்ரூம் போட்டோ பத்து நிமிஷத்தில் வந்தது.

அதை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். டூரிஸ்ட் ஸ்பாட்டைக்கூட யாரும் அப்படி ரசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ‘‘பக்கத்துல கைப்பிடி இருக்கே...’’ என்றார் மெதுவாக. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘‘ஏ, என் ஸ்வெட்டர் எங்கே இருக்கு?’’ என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

இ-பாஸ் வாங்கிக்கொண்டு (2024 மே 7 முதல் இது கட்டாயமாகியிருந்தது) கிளம்பினோம். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில், சரிவெல்லாம் படிக்கட்டு வயல்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டின் வாசனை கடைத்தெருவில் தூக்கியது. மறுநாள் மன்னவனூர். அங்கே ஏரிக்குப் புல்சரிவில் இறங்கி நடக்க வேண்டும். குழந்தைகள் பரிசலில் சுற்றினார்கள். அப்பா மேலேயே உட்கார்ந்து அவர்களுக்குக் கையாட்டினார். ராத்திரி அந்த அம்மா சுட்ட தோசையில் நாலு சாப்பிட்டார். நான் எண்ணினேன்.

ஊர் திரும்பும் அன்று கொடைக்கானல் ஏரிக்கரையில் காரை நிறுத்தினோம். படி இல்லை. கல் இல்லை. அப்பா தானே இறங்கி, நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சைக்கிளில் சுற்றும் பேரன்களைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். நான் வாங்கிக் கொடுத்த காபியை ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.

‘‘ஏம்ப்பா...’’ என்றார்.

‘‘என்னப்பா?’’

‘‘இன்னொரு காபி சொல்லேன்.’’

ஓடினேன். கடைக்காரர் ‘‘எத்தனை சார்?’’ என்றார். இரண்டு சொன்னேன். எதற்கும் இருக்கட்டுமே!