பட்டறையில் கட்டிய டிரெய்லருக்கு நம்பர் கிடைக்குமா?

கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கு அலைய வேண்டியதில்லை. சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருட்டும் ஆலைகள் இருக்கின்றன. காக்களூர் சிட்கோவில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின் டயர் செய்கிறது, மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் சுரங்க லாரிகள் செய்கிறது. மலையேறும் வண்டி என்று பெயரெடுத்த மிட்சுபிஷி பஜேரோவும் ஒரு காலத்தில் திருவள்ளூர் ஆலையில் பூட்டப்பட்டதுதான். இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துப் பையன் ஒருவன், காட்டுப் பாதையில் ஜீப்புக்குப் பின்னால் குலுங்கிப் போகும் கேம்பிங் டிரெய்லரை வீடியோவில் பார்த்துவிட்டு, “இதை நம்மால் செய்ய முடியாதா?” என்று கேட்டால், முடியும் என்பதுதான் நேர்மையான பதில். அதற்கு வேண்டிய கை இங்கே இருக்கிறது.

செய்து முடித்ததைச் சாலையில் இழுத்துப் போக முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தெரியாமல் இரண்டு மூன்று லட்சத்தை இரும்பிலும் பிளைவுட்டிலும் போடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, ‘மோட்டார் வாகனம்’ என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. எஞ்சின் இல்லை, கார் இழுக்கிறது, அதனால் இது வெறும் பெட்டிதானே என்ற வாதம் அங்கே எடுபடாது. 39-ஆம் பிரிவின்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும், தனி நம்பர் பிளேட் வேண்டும். பதிவுக்குப் போனால் செங்குன்றமோ திருவள்ளூரோ, எந்த ஆர்.டி.ஓ. அலுவலகமானாலும் முதலில் கேட்பது இரண்டு தாள்களை: விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் படிவம் 22. வீட்டு வாசலில் கட்டிய டிரெய்லருக்கு விற்றவரும் இல்லை, அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரும் இல்லை. வேலை எத்தனை சுத்தமாக இருந்தாலும் இந்த இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது.

ஆலைக்குள் நம்பர் இல்லாமல் ஓடும் டிராலிகளைத் தினமும் பார்க்கிற தொழிலாளிக்கு இது புதிராகத் தோன்றலாம். தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டுமே ஓடும்படி செய்த சிறப்பு வகை வண்டிகளுக்குச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. அந்த விலக்கு ஆலை வாசலோடு முடிந்துவிடும். வெளியே தேசிய நெடுஞ்சாலை 16-இல் ஏறியதும் 192-ஆம் பிரிவு காத்திருக்கிறது: பதிவில்லாத வாகனத்துக்கு முதல் முறை ரூ.2,000 முதல் ரூ.5,000 வரை அபராதம். மீண்டும் பிடிபட்டால் ரூ.10,000 வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ. இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு 196-ஆம் பிரிவு தனி.

வீடியோக்கள் காட்டாத பகுதி ஒன்று உண்டு. அவற்றில் பல ஆஸ்திரேலியாவில் எடுத்தவை. அங்கே 4.5 டன்னுக்கு மிகாத சிறு டிரெய்லர்களைக் கட்டுவோருக்கென்று அரசே ஒரு விதிநூல் வைத்திருக்கிறது. எந்த எடைக்கு மேல் பிரேக் கட்டாயம், சங்கிலி எப்படி இருக்க வேண்டும், விளக்கு எங்கே வர வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. அதைப் பின்பற்றிக் கட்டியவர் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. வெல்டிங் முறையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதற்குப் பின்னால் இருக்கும் அந்த வழியும் நமக்கு உண்டு என்று நம்பிவிடுகிறோம்.

சரி, பதிவான பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, மேலே கூடாரமும் அடுப்பும் கட்டிக்கொண்டால்? அப்போது 52-ஆம் பிரிவு வருகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்து ஆர்.டி.ஓ. தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைக் கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. விதிக்குப் புறம்பான வண்டியைச் செய்து விற்பவருக்கு வண்டி ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அல்லது ஓராண்டு வரை சிறை. பட்டறைக்காரர்கள் இந்த இரண்டாவதைக் கவனிக்க வேண்டும். “ஆர்.டி.ஓ. வேலையெல்லாம் பாத்துக்கலாம் சார், நீங்க அட்வான்ஸ் போடுங்க” என்று சொல்கிற பட்டறை, தன் கழுத்தையும் சேர்த்தே மாட்டிக்கொள்கிறது.

அபராதத்தைக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால் வரும் கடன் அப்படித் தீராது. 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு நன்றாகப் பொருந்தும். சூளைக்கு மண் ஏற்றிப்போன டிராக்டரின் டிரெய்லரில் இருந்த கூலித் தொழிலாளி அடிபட்டார். டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது, ஆனால் விவசாய வேலைக்கு மட்டும். டிரெய்லருக்கு இல்லவே இல்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. தொழிலாளியின் வறுமையைக் கருதி, தனக்கிருக்கும் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னது. அடிபட்டவருக்குப் பணம் கிடைத்தது, கடன் உரிமையாளர் தலையில் விழுந்தது. பதிவில்லாத கேம்பிங் டிரெய்லர் கழன்று இரவில் ஒரு பைக்கில் மோதினால், காருக்கு முழு இன்ஷூரன்ஸ் வைத்திருந்தும் வீட்டையே அடமானம் வைக்கும் நிலை வரலாம். ஓடும் டிரெய்லருக்குள் பிள்ளைகளை உட்கார வைப்பதைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

கழன்று போவது எங்கே என்று பட்டறையில் கேட்டால் சட்டென்று காட்டுவார்கள்: கொக்கிக்குப் போகும் இரண்டு சேனல்கள் சேசிஸைத் தொடுகிற மூட்டு. குறுக்கே ஒரே கோடாக வெல்டிங் இழுத்திருப்பார்கள், மேலே கறுப்பு பெயின்ட் பளபளக்கும். மேடு பள்ளத்தில் டிரெய்லர் முறுகும்போதெல்லாம் அந்தக் கோட்டின் ஓரம்தான் வாங்கிக்கொள்கிறது. முதலில் பெயின்டில் மயிரிழை போல ஒரு கீறல் தெரியும். சில நாளில் அதிலிருந்து துருநீர் கசிந்து செம்மண் நிறத்தில் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகும் இழுத்துப் போகக் கூடாது. அடியில் குறுக்காகப் பூட்டிய இரண்டு சங்கிலிகள் இருந்தால், கொக்கி விட்டாலும் டிரெய்லர் எதிர் வண்டிமேல் பாயாமல் காரோடு நிற்கும். சாமான்களை எல்லாம் பின்பக்கம் ஏற்றினால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கிமேல் அழுந்துவது நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்கள் கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதைக் கம்பெனியின் கையேட்டில் பாருங்கள். அதில் இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆக்ஸிலுக்காகச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போகிறவர்கள் ரசீது கேட்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் குற்றம். ரசீது இல்லாத மலிவு விலையே பிறகு உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

பட்டறையில் உடம்புக்கு நேரும் கேடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தண்ணீர் டேங்குக்காகப் பழைய டீசல் டிரம்மையோ தின்னர் டிரம்மையோ வெட்டாதீர்கள். காலியாக இருக்கிறது, கழுவிவிட்டோம், வாசனையே இல்லை என்பதெல்லாம் போதாது. மூலையில் ஒட்டியிருக்கும் சிறு மிச்சம் சூட்டில் ஆவியாகி, தீப்பொறி பட்டதும் டிரம்மே குண்டாகிவிடும். ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்தால் அதன் துத்தநாகப் பூச்சு வெண்புகையாக எழும்பும். இரவில் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறைகளில் நம்புகிறார்கள். பால் அந்தப் புகைக்கு மருந்தல்ல. மூட்டைச் சுற்றிப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் பற்றவைப்பதுதான் வழி. கார்டு கழற்றிய கிரைண்டரையும் எர்த் இல்லாத வெல்டிங் மெஷினையும் கையில் எடுக்க மறுப்பது தொழிலாளியின் உரிமை. ஈ.எஸ்.ஐ. இல்லாத சிறு பட்டறையில் வண்டி பழுதுபார்ப்பவர்கள் அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்ப்போர் நல வாரியத்தில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அடிபட்ட பிறகு பதிவைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

டிரெய்லருக்குள் தூங்குவதில்தான் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் ஓட, ஏசி போட்டுக்கொண்டு படுத்தவர்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களின் ஆய்வில், ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். ஒயர் இழுக்கவும் பைப் விடவும் நாம் போடும் ஒவ்வொரு துளையும் அப்படியொரு வாசல்தான். ஜெனரேட்டரும் கரி அடுப்பும் உள்ளேயும் வேண்டாம், அடியிலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுவது மெத்தை வாங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

சமையல் காஸும் இதே போன்ற ஆபத்துதான். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த காஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஜன்னலைத் திறந்தாலும் போகாது. சிலிண்டரை வெளிப்பக்கம், அடித்தளத்தில் காற்றுத் துளை உள்ள தனி அறையில் வைக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த 14.2 கிலோ சிலிண்டரை வேறு வேலைக்கு எடுப்பதே விதிமீறல்.

எங்கே போய்த் தங்குவது என்பதிலும் சட்டம் குறுக்கிடும். பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். சரணாலயத்துக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவது வன உயிரினச் சட்டத்தில் தடை. பூண்டிக்கு அப்பால் குடியம் குகைப் பக்கம் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைய முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. தடா அருவிக்குப் போகிறவர்கள் ஆரம்பாக்கம் தாண்டியதும் ஆந்திரக் காவல்துறையின் எல்லைக்குள் போய்விடுகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. பதிவாகும் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, பதிவாகாத டிரெய்லரைக் கொடுத்திருந்தால் அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. ஜி.எஸ்.டி. எண்ணோடு பில், பணம் அனுப்பிய பதிவு, “நம்பர் வாங்கித் தருகிறேன்” என்று வந்த வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள். வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தத்துக்கு இவைதான் உயிர்.

இப்படியொரு டிரெய்லரால் சாலையில் அடிபட்டவருக்கு, தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரம் குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக இப்போதைய சட்டம் ஆறு மாதக் கெடு வைக்கிறது, மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். இழுத்த வண்டியின் எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டிரெய்லரில் எண் இருக்காது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும்.

இத்தனைக்கும் பிறகு ஆசை விடவில்லை என்றால், எளிதான வழி டிரெய்லரை விட்டுவிட்டு, கழற்றி மாட்டக்கூடிய கூடாரம், இழுப்பறை, படுக்கை என்று வண்டிக்குள் ஏற்றும் சாமானாகவே செய்துகொள்வது. டிரெய்லர்தான் வேண்டுமென்றால், வடிவமைப்புக்கு ஏற்பு பெற்ற தயாரிப்பாளரிடம் படிவம் 21, 22 இரண்டும் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு வாங்குங்கள்.

தமிழ்நாடு அரசு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவும் இடம்பெற்றிருக்கிறது. அந்தக் கொள்கை பணம் படைத்த நிறுவனங்களோடு நின்றுவிடக் கூடாது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் ஜி.ஏ.ஆர்.சி. மையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு இருக்கிறது, வெல்டர்களும் இருக்கிறார்கள். ஒரே ஒரு டிரெய்லர் கட்டுகிறவரும் நியாயமான கட்டணத்தில் சோதித்துப் பதிந்துகொள்ளும் பாதை ஒன்றை அரசு போட வேண்டும். அதைக் கேட்க ரூ.10 போதும். போக்குவரத்து ஆணையர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், ஆவணங்களைக் கேளுங்கள்: காரால் இழுக்கும் சிறு டிரெய்லர்களுக்கு இதுவரை ஏற்பு பெற்ற தயாரிப்பாளர்களின் பட்டியல், அந்த ஏற்புக்கு விண்ணப்பிக்க வேண்டிய படிவம், இணைக்க வேண்டிய வரைபடங்களின் விவரம், கட்டண ஆணையின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுப்பதை அதுவரை நிறுத்தி வையுங்கள்.