காய்ந்த பிறகும் வற்றாத வீக்கம்

“சிங்க்குக்குக் கீழே உள்ள கேபினெட்டின் அடிப்பலகை மூன்றே வருடத்தில் உப்பிவிட்டது. குழாய்க் கசிவைச் சரிசெய்து, பலகை நன்றாகக் காய்ந்த பிறகும் வீக்கம் வற்றவில்லை. இப்போது சமையலறையையே புதுப்பிக்கிறோம். எந்தப் பலகை வாங்கலாம்?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கடைகளின் விளம்பரத் தாள்கள் எதுவும் தொடாத இடத்தை அவர் தொட்டிருக்கிறார். வீங்கியதை விட, காய்ந்தும் வற்றாததுதான் இதில் அதிசயம்.

மரம் ஈரம் குடிப்பது இயல்பு. தேக்குக் கதவு ஐப்பசி மழையில் நிலையோடு இறுகும், பங்குனி வெயிலில் தளரும். ஈரம் போனால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கேபினெட்டுகளுக்குப் போடும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் மரத்தால் ஆனவைதாம். அவை மட்டும் ஏன் திரும்புவதில்லை?

பலகை பிறக்கும் இடத்தில் பதில் இருக்கிறது. எம்.டி.எஃப். செய்ய மரத்தை ஆவியில் வேகவைத்து, நாராக அரைத்து, பசை தெளித்து, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் இரும்புத் தகடுகளுக்கு இடையே நசுக்குகிறார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் மர நாரிலுள்ள லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் இளகும். உள்ளே குழலாக, வெற்றிடத்தோடு இருந்த நார் தட்டையாகிவிடும். கன மீட்டருக்கு 500, 600 கிலோ இருந்த மரம் 750 கிலோ பலகையாவது இப்படித்தான். அழுத்தத்திலேயே உலர்ந்து ஆறும்போது இளகியது மறுபடி இறுகி, நாரை நசுங்கிய நிலையிலேயே பூட்டிவிடுகிறது. நிமிரத் துடிக்கும் விசை உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. பல வருடம் கழித்துத் தண்ணீர் நுழைந்து ஹெமிசெல்லுலோஸை இளக்கும்போது பூட்டுத் திறக்கிறது, நார் நிமிர்கிறது. ஈரம் போகலாம். ஆனால், மறுபடி நசுக்கி வைக்க வீட்டில் அந்த இயந்திரம் இல்லையே! தொழிற்சாலையில் பட்ட அழுத்தத்தை ஒரு பலகை இத்தனை காலம் நினைவில் வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

நம் வீட்டு அவலும் இதே பௌதிகம்தான். ஊறிய நெல்லை வறுத்து, சூடு ஆறும்முன் இடிக்கிறோம். இளகிய மாவுச்சத்து தட்டையாகி, ஆறியதும் அப்படியே இறுகுகிறது. தண்ணீர் தெளித்தால் உப்புகிறது. உப்பியதை மொட்டை மாடியில் எத்தனை நாள் காயவைத்தாலும் பழைய தட்டை அவல் கிடைக்காது. அவலைப் பாகில் பிடித்த உருண்டைதான் பார்ட்டிகிள் போர்டு என்றுகூடச் சொல்லலாம். மரச்சீவல் அவல், பசை வெல்லப்பாகு. ஈரத்தில் அவல் உப்பும்போதே பாகும் விட்டுப்போவதால் உருண்டை இரட்டிப்பாகக் குலைகிறது. மலிவான பலகைகளில் பாகின் இடத்தில் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு. இந்தப் பசை இறுகும்போது தண்ணீர் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. வெப்பத்தோடு தண்ணீர் திரும்பி வந்தால் அதே வினை பின்னோக்கி ஓடி, பிணைப்பு அவிழ்கிறது. அவிழும்போது ஃபார்மால்டிஹைடு காற்றில் கலக்கிறது. புதுக் கேபினெட்டைத் திறந்ததும் கண்ணில் உறைக்கும் நெடியில் இதற்குப் பங்குண்டு. 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஆகவே பலகை வாங்கும்போது, ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளியேறும் என்று காட்டும் ‘இ1’ முத்திரையாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை இப்படி அவிழாது. இங்கே என் உவமை கைவிடுகிறது. எவ்வளவு முற்றிய பாகும் தண்ணீரில் கரைந்துவிடும், ஃபீனால் பசை கரையாது.

பிளைவுட்டின் சாமர்த்தியம் வேறு. மரம் இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. குறுக்கே மட்டும் பச்சை மரத்துக்கும் முற்றிலும் காய்ந்த மரத்துக்கும் இடையே 5 முதல் 10 சதவீதம் வரை அளவு மாறும். பிளைவுட்டின் ஒவ்வொரு மெல்லிய மரத் தாளையும் அடுத்ததற்குக் குறுக்காக ஒட்டினால், விரியப் பார்க்கும் தாளை அசையாத தாள் இழுத்துப் பிடிக்கிறது. நாரை அதிகம் நசுக்குவதும் இல்லை. அதனால் தடிமனில் வரும் வீக்கம் பெரும்பாலும் காய்ந்தால் வற்றிவிடும்.

விளம்பரம் இங்கேதான் எல்லை மீறுகிறது. ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற மரைன் பிளைவுட்டின் மாதிரித் துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்து தேறியது என்பது உண்மை. அந்தச் சோதனை பார்ப்பது தாள்கள் பிரிகின்றனவா என்பதைத்தான். தேறியது பசை. மரம் தண்ணீர் குடிக்காது என்று அது எங்கும் சொல்லவில்லை. ‘100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப்’ என்ற வாசகத்துக்கு அந்த முத்திரையில் ஆதாரம் கிடையாது. எச்.டி.எச்.எம்.ஆர். பலகையும் எம்.டி.எஃப். குடும்பம்தான். கூடுதல் அடர்த்தியும், நல்ல பசையும் மெழுகும் தண்ணீரைத் தாமதப்படுத்தும். அடர்த்தி கூடினால் உள்ளே பூட்டிய விசையும் கூடும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

  

இனி ஆசாரியிடம் பேசலாம். பலகையின் இரு முகங்களையும் லேமினேட் காக்கிறது. தண்ணீர் நுழைவது ஓரங்களிலும், குழாய்க்காக வெட்டிய துளையிலும், கீல் பதிக்கத் தோண்டிய 35 மில்லிமீட்டர் குழியிலும், தரை துடைக்கும் ஈரம் படும் அடிவிளிம்பிலும்தான். கண்ணில் படாத ஓரத்துக்கும் எட்ஜ் பேண்டிங் கேளுங்கள். துளைகளின் உள்விளிம்பில் சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். பிராண்டு பெயரைவிட இந்த வேலைதான் பலகையின் ஆயுளைக் கூட்டும்.

வாங்கும் முன் வெட்டுத்துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். தடிமனை வெர்னியரில் அளந்து, ஒரு நாள் தண்ணீரில் போட்டு, மறுபடி அளவெடுங்கள். பிறகு நன்றாகக் காயவைத்து மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். கடைக்காரர்கள் காட்டும் செயல்விளக்கம் இரண்டாவது அளவோடு முடிந்துவிடும். பூட்டு எவ்வளவு திறந்தது என்று காட்டுவது மூன்றாவது அளவுதான்.

சிங்க்குக்குக் கீழே என் முதல் தேர்வு கடப்பா கல். நம் ஊர்ச் சமையலறைகளில் பல காலமாக அலமாரித் தட்டாக இருக்கும் இந்தக் கல்லில் நார் இல்லை, அழுத்தி அடைத்த விசையும் இல்லை. முகப்பில் ஷட்டர் மட்டும் போட்டால் போதும். பி.வி.சி. போர்டும் அங்கே நன்றாக உழைக்கும். அதையே அடுப்பை ஒட்டிப் போடாதீர்கள். 80 டிகிரியை நெருங்கும்போது அது இளகத் தொடங்கும், கனமான ஷட்டரைத் தாங்கும் திருகும் தளரும். அடுப்புப் பக்கத்துக்கு ஃபீனால் பசை பிளைவுட் போதும். தண்ணீர் எட்டாத மேல் வரிசை ஷட்டர்களுக்கு எம்.டி.எஃப். தாராளமாகப் போடலாம். இழை ஓட்டம் இல்லாததால் பெயின்ட் அதில் மட்டுமே அவ்வளவு வழவழப்பாக உட்காரும்.