நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளை

நம் மீன்பிடித் துறைமுகங்களில் இரண்டு வகைப் படகு என்ஜின்களைப் பார்த்திருப்போம். விசைப்படகில் டீசல் என்ஜின் படகின் வயிற்றுக்குள் இருக்கும். அதிலிருந்து நீளமான தண்டு ஒன்று அடிப்பக்கமாக வெளியே போய் புரொப்பெல்லரைச் சுழற்றும். ஃபைபர் படகிலோ என்ஜின் மொத்தமும் வெளியே, பின்பக்கம் தொங்கும். அமெரிக்கா, கனடா, சுவீடன் ஏரிகளில் ஓடும் உல்லாசப் படகுகளில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு: என்ஜின் உள்ளே, கியர்களும் புரொப்பெல்லரும் வெளியே. இதன் பெயர் ஸ்டெர்ன்டிரைவ்.

ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளரின் யோசனையை எடுத்துக்கொண்டு, சுவீடனின் வோல்வோ பென்டா நிறுவனம் 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. 1961-இல் போட்டிக்கு 'மெர்குரூசர்' வந்தது. காரில் ஓடும் என்ஜினையே படகுக்கேற்ப மாற்றி உள்ளே வைக்கலாம். கியர்களும் புரொப்பெல்லரும் அடங்கிய வெளிப்பகுதியை, அதாவது படகின் 'கால்' எனப்படுவதை, இடம் வலமாகத் திருப்பினால் படகு திரும்பும். ஆழம் குறைந்த இடத்தில் காலைத் தூக்கிக்கொள்ளலாம். இத்தனை வசதியும் சேர்ந்து வந்ததால்தான் இது இவ்வளவு வேகமாகப் பரவியது.

அந்த வசதிக்கான விலை பின்பலகையில் இருக்கிறது. என்ஜினின் சுழற்சி வெளியே போக அங்கே ஒரு துளை வேண்டும், அதுவும் நீர்மட்டத்துக்குக் கீழே. வெளியே உள்ள கால் எல்லாப் பக்கமும் அசையக்கூடியது என்பதால், உள்ளே போகும் தண்டு யுனிவர்சல் ஜாயின்ட் வழியாக வளைந்து கொடுக்கிறது. அந்த ஜாயின்ட்டைத் தண்ணீர் படாமல் மூடியிருப்பது, ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு ரப்பர் உறை. ஏரிக்கும் படகின் உட்புறத்துக்கும் நடுவே நிற்பது அந்த ரப்பர்தான். ஸ்டெர்ன்டிரைவ் பராமரிப்பில் முதலிடம் இதற்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. கியர் ஆயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் படகுக்காரர்கள்கூட இந்த ரப்பரைக் குனிந்து பார்ப்பதில்லை.

பார்ப்பது கடினமான வேலையும் அல்ல. படகு தண்ணீருக்கு வெளியே இருக்கும்போது காலை மேலே தூக்கி, அது நழுவி இறங்காதபடி முட்டுக் கொடுத்துவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பையும் விரல்களால் பிரித்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் மடிப்பின் அடியில்தான் தொடங்கும். உப்புநீரில் கிடக்கும் படகானால் மடிப்புகளுக்குள் கொட்டலசு ஒட்டி வளரும். காலைத் தூக்கி இறக்கும்போது அதன் கூரான ஓடே ரப்பரை அறுத்துவிடும். பார்த்து முடித்ததும் காலை இறக்கியே வையுங்கள். மாதக்கணக்கில் தூக்கியே வைத்திருந்தால் ரப்பர் ஒருபக்கம் இழுபட்டு, ஒருபக்கம் நசுங்கி, அந்த வடிவத்திலேயே இறுகிப்போகும்.

உறை கிழிந்தால் முதலில் கெடுவது உள்ளே உள்ள பேரிங். துரு ஏறியதும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பின்பக்கமிருந்து உறுமல் கேட்கும். அதையும் கவனிக்காமல் விட்டால், துறையில் கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கலாம். கியர் கேபிளை மூடியிருக்கும் சிறிய உறை கிழிந்தாலும் இதே ஆபத்துதான்.

அடுத்தது கியர் ஆயில். ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். காலை நேராக இறக்கி, கீழ்த்திருகையும் மேல்திருகையும் கழற்றினால் பழைய ஆயில் வடியும். வடிவதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் எங்கோ ஒரு சீல் வழியே தண்ணீர் நுழைந்திருக்கிறது. திருகின் காந்தமுனையில் மாவு போன்ற மெல்லிய கரும்படலம் இருந்தால் அது இயல்பான தேய்மானம். செதில்கள் ஒட்டியிருந்தால் கியர் பல் உடைகிறது என்று பொருள். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாகத்தான் பம்ப் செய்ய வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். மேல்துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடிவிட்டு, பிறகு பம்பை எடுத்துக் கீழ்த்திருகைப் போடுங்கள். இரண்டுக்கும் புது வாஷர் அவசியம்.

சீல் கெடுவதற்கு அடிக்கடி காரணமாவது தூண்டில் நரம்பு. அது புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொண்டு சூடேறி சீலை அறுக்கும். ஆகவே புரொப்பெல்லரை அவ்வப்போது கழற்றிப் பின்னால் பார்ப்பது நல்லது. கை வைக்கும் முன் சாவியை எடுத்துவிடுங்கள்.

குளிரூட்டும் நீரை இழுக்கும் பம்புக்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் சில நொடிகள் ஓடினாலே அது கருகத் தொடங்கும். மாற்றும்போது ஓர் இதழ் குறைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் விடக்கூடாது. அது எங்காவது போய் அடைத்தால் என்ஜின் கொதிக்கும்.

காலின் உடல் அலுமினியம். அது அரிக்கப்படாமல் இருக்க, தாம் கரைந்து அதைக் காக்கும் உலோகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீர் ஏரிக்கு மெக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். இந்தக் கட்டிகள் மேல் பெயின்ட் அடித்தால் அவை வேலை செய்யாது.

ஏரிகள் உறையும் நாடுகளில் இந்த வேலைகளுக்கு ஏற்ற காலம் இலையுதிர்காலம். பலர் வசந்தத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள், அது தவறு. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. கியர் ஆயிலில் கலந்த நீர் உறைந்தால் கூடு வெடிக்கும். என்ஜினுக்குள் தங்கிய நீர் வார்ப்பிரும்பையே பிளக்கும். என்ஜினின் வடிகால் திருகைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லையென்றால் உள்ளே காலி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். துருவும் மணலும் அடைத்திருந்தால், கம்பி போனதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும்.

காலைக் கழற்றி உறைகளையும் பேரிங்கையும் மாற்றுவதுகூட, துணைக்கு ஓர் ஆளும் அந்த மாடலுக்கான சர்வீஸ் புத்தகமும் இருந்தால் வீட்டு முற்றத்தில் முடியும் வேலைதான். ஆனால் திரும்ப மாட்டும் முன், என்ஜினும் காலும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அதற்கென்று உள்ள சீரமைப்புத் தண்டை நுழைத்துப் பார்த்தே ஆக வேண்டும். கியர்ப்பெட்டியைப் பிரிப்பதை மட்டும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். பற்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளி மயிரிழை அளவு. அதை அளக்கும் கருவிகள் அங்கேதான் இருக்கும்.

பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகு வாங்கப் போகிறவர்கள், என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்கும் முன், ரப்பர் உறைகளைக் கடைசியாக எந்த ஆண்டில் மாற்றினார்கள் என்று கேளுங்கள். விற்பவரிடம் பதில் இல்லையென்றால், அவற்றை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு, மாற்றிய பிறகே படகைத் தண்ணீரில் இறக்குங்கள்.