மாதவிடாய் முன் நோய்க்குறித்தொகுப்பு: இயக்குநீரின்றிக் கையாளுதல்

மாதவிடாய் முன் நோய்க்குறித்தொகுப்பு என்பது, மாதவிடாய்க்கு முந்தைய ஓரிரு வாரங்களில் தோன்றி, குருதிப்போக்கு தொடங்கிய சில நாட்களில் மறையும் உடல், மன அறிகுறிகளின் தொகுதி ஆகும். எரிச்சல், அழுகை, பதற்றம், உறக்கக் கேடு, மார்பகக் கனப்பு, வயிற்று உப்புசம், தலைவலி, சோர்வு ஆகியன பரவலான அறிகுறிகளாகும். இயக்குநீர் கலந்த கருத்தடை மாத்திரைகள் இதற்கான சிகிச்சைகளுள் ஒன்று. எனினும் குருதி உறைவு நோய் கண்டவர்கள், சிலவகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள், கருத்தரிக்க விரும்புபவர்கள் ஆகியோருக்கு அவை பொருந்தா. அவற்றை உட்கொள்ள விருப்பமில்லாதவர்களும் உளர். இக்கட்டுரை ஏனைய வழிகளை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தைச் சேர்ந்த வீரசோழன் போன்ற வறள்நில ஊர்களில் அவற்றைக் கைக்கொள்ளும் முறையையும் கூறுகிறது.

பெயரும் வரலாறும்

1931ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பிராங்க் இந்நிலையை 'மாதவிடாய் முன் இறுக்கம்' என்று விவரித்தார். 1953இல் இங்கிலாந்தில் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும், அறிகுறிகள் பல இருப்பதைக் கருதி, 'நோய்க்குறித்தொகுப்பு' என்னும் பெயரை வழங்கினர். டால்டன் புரோஜெஸ்டிரோன் இயக்குநீரையே மருந்தாகப் பரிந்துரைத்தார். பிற்கால ஆய்வுகள் அதன் பயனை உறுதிப்படுத்தவில்லை.

அன்றாட வாழ்வைக் குலைக்கும் அளவுக்கு மன அறிகுறிகள் கடுமையாக இருப்பின், அது 'மாதவிடாய் முன் மனநிலைப் பிறழ்வு' எனப்படும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட கையேடு இதனைத் தனி நோயாகச் சேர்த்தது. மாதவிடாய் உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 6 பேர் வரை இதற்கு ஆளாவதாக அக்கையேடு குறிப்பிடுகிறது.

தமிழ்ப் பேச்சு வழக்கில் 'தூரம்', 'வீட்டுக்கு விலக்கு' ஆகிய சொற்கள் குருதிப்போக்கு நாட்களையே குறிக்கின்றன. தமிழக அரசு 2011இல் அறிவித்த இலவச அணையாடைத் திட்டமான 'புதுயுகம்' அந்நாட்களுக்கு உரியதே. அதற்கு முந்தைய நாட்களின் துன்பம் பெயரின்றி நிற்கிறது. ஆதலால் அது பெரும்பாலும் குணக்கேடு என்றோ சோம்பல் என்றோ கொள்ளப்படுகிறது.

காரணம்

இப்பெண்களின் இயக்குநீர் அளவு பொதுவாக இயல்பாகவே உள்ளது. 1998இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஷ்மிட் குழுவினர், சூலகச் செயற்பாட்டை மருந்தால் நிறுத்தியபின் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் தனித்தனியே திரும்பக் கொடுத்துப் பார்த்தனர். முன்னரே இந்நிலை இருந்த பெண்களுக்கு அறிகுறிகள் மீண்டன. ஏனையோருக்கு எதுவும் நேரவில்லை. எனவே வேறுபாடு இயக்குநீரின் அளவில் அன்று, அதன் ஏற்ற இறக்கத்துக்கு மூளை காட்டும் எதிர்வினையில் உள்ளது எனக் கருதப்படுகிறது. மூளையிலுள்ள செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளுக்கும் இதில் பங்குண்டு.

அறுதியிடல்

இந்நிலையை உறுதிசெய்யும் குருதிச் சோதனை ஏதும் இல்லை. அறிகுறிகள் தோன்றும் காலமே சான்று. அக்காலத்தை நினைவிலிருந்து கூறுவது பிழைபடும் என்பதால், குறைந்தது இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்கு நாள்தோறும் குறித்துவர வேண்டும். சுவரில் மாட்டும் மாத நாட்காட்டியே போதுமானது. குருதிப்போக்கு நாளை வட்டமிட்டு, முதன்மையான மூன்று அறிகுறிகளுக்கு 0 (இல்லை) முதல் 3 (கடுமை) வரை எண் இடலாம்.

குருதிப்போக்குக்கு முன் எண்கள் உயர்ந்து, அது தொடங்கியபின் தாழ்ந்து, குறைந்தது ஒரு வாரமாவது அறிகுறியின்றிக் கழிந்தால் அது இந்நோய்க்குறித்தொகுப்பாக இருக்கலாம். மாதம் முழுதும் எண்கள் ஒரே அளவில் இருப்பின், வேறு காரணத்தைத் தேட வேண்டும். குருதிச்சோகை, தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவை அவற்றுள் சில. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை உள்ளது. ஆதலால் தொடர் சோர்வு உடையவர்கள் முதலில் ஈமோகுளோபின் அளவைச் சோதித்தல் நலம்.

கையாளும் முறைகள்

உணவும் கால்சியமும்

1998இல் சூசன் தைஸ்-ஜேக்கப்ஸ் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் உட்கொண்டவர்களின் அறிகுறிகள் மூன்றாவது சுழற்சியில் 48 விழுக்காடு குறைந்தன. மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவர்களிடமும் 30 விழுக்காடு குறைவு காணப்பட்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே கால்சியத்தின் பயன். அப்பயன் உண்மையானது, ஆயினும் பெரியதன்று.

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகளில் கேப்பை எனப்படும் கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. இரண்டு குவளை (400 மி.லி.) பசும்பாலில் ஏறத்தாழ 480, ஒரு கைப்பிடி (50 கிராம்) முருங்கைக் கீரையில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் உண்டு. மூன்றும் சேர்ந்தால் 980 ஆகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெண்களுக்குப் பரிந்துரைத்த நாளளவு 1000 மில்லிகிராம் ஆகும். எனினும் தானியத்திலும் கீரையிலும் உள்ள கால்சியம் முழுவதையும் உடல் உறிஞ்சுவதில்லை. கேழ்வரகை முளைகட்டியோ, கூழாகப் புளிக்கவைத்தோ உண்பது உறிஞ்சுதலைக் கூட்டும்.

கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் உட்கொள்ளலாகாது. முன்னது பின்னதன் உறிஞ்சுதலைக் குறைக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே கால்சியம் மாத்திரை உண்ண வேண்டும்.

உயிர்ச்சத்து பி6 பயன்படலாம் என 1999இல் வெளிவந்த ஒரு மீளாய்வு கூறியது. ஆனால் அதற்கு ஆதாரமான ஆய்வுகள் தரம் குறைந்தவை. மிகுந்த அளவில் நெடுநாள் உட்கொண்டால் நரம்புகள் பாதிக்கப்படும்.

உடற்பயிற்சியும் ஓய்வும்

விரைவு நடை போன்ற பயிற்சிகள் ஓரளவு உதவுகின்றன. ஆனால் வெயிலில் களை எடுப்பவரும் கரிமூட்டத்தில் வேலை செய்பவரும் ஏற்கெனவே உழைத்துக் களைத்தவர்கள். 'தினமும் நடங்கள்' என்னும் அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு அந்நாட்களில் உறக்கமும், போதிய நீரும், கடினமான வேலையில் மாற்றமுமே தேவை. வீட்டுவேலையைப் பிறர் பகிர்ந்துகொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மனநலப் பயிற்சி

எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையை, அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைக்கிறது. நாட்காட்டியைக் கொண்டு கடினமான நாட்களை முன்கூட்டியே அறிந்து, முக்கிய முடிவுகளைத் தள்ளிவைப்பது அனைவருக்கும் இயலும்.

மருந்துகள்

இயக்குநீர் அல்லாத மருந்துகளுள் வலுவான சான்று உடையவை, செரோட்டோனினைச் சார்ந்து செயல்படும் புளுவாக்சிட்டின், செர்ட்ராலின் போன்றவை. 1995இல் மேயர் ஸ்டெய்னர் தலைமையில் கனடாவில் நிகழ்ந்த ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. மனச்சோர்வு நோயில் இவை பலன் தரப் பல வாரங்கள் ஆகும். இந்நிலையில் சில நாட்களிலேயே பலன் தெரியும். எனவே மாதவிடாய்க்கு முந்தைய இரு வாரங்களில் மட்டும் உட்கொள்ளும் முறையும் உண்டு. குமட்டல், உறக்கக் கலக்கம், பாலுணர்வுக் குறைவு ஆகிய பக்கவிளைவுகள் ஏற்படலாம். மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது.

வயிற்று வலிக்குத் தரப்படும் மெஃபனாமிக் அமிலம் வலியைக் குறைக்கும், மனநிலையை மாற்றாது. அதனை உணவுக்குப் பின்னரே உட்கொள்ள வேண்டும். குடற்புண், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். இலக்னோவில் உருவாக்கப்பட்டு 'சாயா' என்னும் பெயரில் அரசு வழங்கும் மாத்திரை, இயக்குநீர் அல்லாத கருத்தடை மருந்து. அது இந்நிலைக்கான மருந்தன்று.

மூலிகைகள்

2001இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வொன்றில் பயன் தந்ததாகக் கூறப்பட்ட மூலிகை, மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த ஒரு நொச்சி இனம் ஆகும். தமிழகத்தில் வேலியோரம் வளரும் நொச்சி அதே பேரினத்தைச் சேர்ந்த வேறோர் இனம். ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறுதல் தவறு.

மருத்துவரை நாட வேண்டிய நேரம்

வேலைக்கோ பள்ளிக்கோ செல்ல இயலாமை, மிகுந்த குருதிப்போக்கு, மாதம் முழுதும் நீடிக்கும் துயரம் ஆகியவை இருப்பின் மருத்துவரை அணுக வேண்டும். வீரசோழன் பகுதியினர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்குகிறது. எங்குச் சென்றாலும் இரு மாதக் குறிப்பை எடுத்துச் செல்லுதல் வேண்டும். அது சொல்லக் கூச்சப்படுவதையும் சொல்லிவிடும்.

இந்நாட்களில் தற்கொலை எண்ணம் எழுமாயின், மாதவிடாய் வந்தால் சரியாகிவிடும் எனக் காத்திருத்தல் கூடாது. 2022இல் தொடங்கப்பட்ட அரசின் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழில் உதவி பெறலாம்.

இவற்றையும் பார்க்கவும்

மாதவிடாய்
குருதிச்சோகை
கேழ்வரகு
நொச்சி