மணல் நடந்துபோகும் பாதை

மெரினாவில் கண்ணகி சிலை அருகே இறங்கிக் கடலைத் தொட நடந்தால் கால் ஓய்ந்துவிடும். அவ்வளவு மணல். 150 ஆண்டுகளுக்கு முன் அதில் பெரும்பகுதி அங்கே இல்லை; இன்றைய சாலைக்குப் பக்கத்திலேயே அலை புரண்டது. அதே சென்னையில் துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் போனால் கரை நெடுகக் கருங்கல் குவியல்தான். அங்கே மணலைக் கடல் தின்றுவிட்டது. குப்பங்களின் வீடுகளும் தெருக்களும் அதோடு போயின. தெற்கே குவிந்ததும் வடக்கே கரைந்ததும் ஒரே மணலின் கதை.

அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். பெரும்பாலும் சாய்வாக வந்து ஏறும். ஏறும்போது மணலையும் சாய்வாகத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது தண்ணீர் சரிவைப் பார்த்து நேரே கீழே இறங்கும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் ரம்பப் பல் போல ஏறி இறங்கி, கரையோரமாகக் கொஞ்சம் நகர்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த நடை வடக்கு நோக்கி. வாடைக் காலத்தில் தெற்கு நோக்கி. வடக்கு நோக்கிய மாதங்களே அதிகம் என்பதால், ஆண்டுக் கணக்கில் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போய்ச் சேர்கிறது. கடற்கரை என்பது ஓடிக்கொண்டே இருக்கும் மணல் ஆறு என்று நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

அந்த ஆற்றுக்குக் குறுக்கே 1876இல் அணை கட்டத் தொடங்கினோம். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய அலைத்தடுப்புச் சுவர்களை 1881 புயல் உடைத்துப்போட்டது, மறுபடியும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றது, நிலமாக வளர்ந்தது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் கரையோரம் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். கிழக்கே பார்த்திருந்த துறைமுக வாசலையும் மணல் தூர்க்கத் தொடங்கியதால், அதை மூடிவிட்டு வடகிழக்கில் வேறு வாசல் வைக்க வேண்டியதாயிற்று. வடக்குக் கரைக்கோ மணல் வரத்து நின்றுபோனது. ஆனால் அலைகள் நிற்கவில்லை. இருந்த மணலை வழக்கம்போல அள்ளிக்கொண்டு வடக்கே போயின. ஈடுகட்ட எதுவும் வரவில்லை.

எல்லாக் கரைதலும் இழப்பு அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் புயலலை கரையை அரித்துக் குறுக்கும்போது, அந்த மணலில் பெரும்பங்கு கொஞ்ச தூரத்தில் நீருக்கடியில் திட்டாகப் படுத்திருக்கும். கடல் அமைதியானதும் சிற்றலைகள் அதைத் திருப்பிக் கொண்டுவரும். அடையாற்று முகத்துவாரத்தைக் கோடையில் மணல் அடைப்பதும் மழைவெள்ளம் உடைத்துத் திறப்பதும் இதே கொடுக்கல் வாங்கல்தான். நீண்ட காலத்தில் இந்தப் படிவு பெரிய உருவங்களையும் எடுக்கும்: பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா, தனுஷ்கோடியில் நாக்கு நீட்டிய மணல்முனை. பாறைக் கரையில் கதை வேறு. வர்க்கலையில் அலை செம்பாறைக் குன்றின் அடியைக் குடைய, மேல்பகுதி தாங்காமல் சரிகிறது. அந்தக் குன்று பின்வாங்குமே தவிர, திரும்பி வளராது.

கரை கரைந்தால் நாம் முதலில் செய்வது கல் கொட்டுவது. பின்னாலுள்ள தெரு தப்பும். ஆனால் கல்லில் மோதித் திரும்பும் அலை அதன் காலடி மணலைத் தோண்டும். படகு ஏற்றவும் கரைவலை இழுக்கவும் இடம் போய்விடும். மீனவருக்கு அது வாசலும் களமும் அல்லவா? கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு போட்டால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே அடுத்த குப்பம் கரையும். பிறகு அங்கேயும் ஒரு தூண்டில் வளைவு கேட்பார்கள். கேட்பதில் தவறே இல்லை.

புதுச்சேரியில் 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், நகரின் கடற்கரைச் சாலையோரம் மணலே இல்லாமல் கல் மட்டும் மிஞ்சியது. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஓர் ஆப்பு வடிவத் தடுப்பை இறக்கியது. அலை அதில் வேகம் குறைந்து, சுமந்துவந்த மணலை உள்ளே இறக்கிவிட்டுப் போகிறது. கற்களுக்கு முன்னால் மறுபடியும் மணல் படிந்தது. மாலையில் குழந்தைகள் இறங்கி விளையாடுகிறார்கள்.