கிட் போல்டரில் குப்பையா? பார்த்து நீக்குங்கள்!

புரோகிராம் எழுதப் பழகுபவர்கள் பலரும் கிட் என்னும் இலவச புரோகிராமைப் பயன்படுத்துகின்றனர். லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் இதை உருவாக்கினார். பைல்களில் நாம் செய்திடும் மாற்றங்களை, நாம் சொல்லும்போதெல்லாம் இது பதிந்து வைக்கும். பழைய நிலை தேவைப்பட்டால் திரும்பப் பெறலாம்.

நாளடைவில் அந்த போல்டரில் வேண்டாத பைல்கள் சேரும். கம்பைல் செய்கையில் உருவானவை, எடிட்டர் எடுத்து வைத்த பேக்கப் நகல்கள், சோதனைக்காக எழுதியவை எனப் பல இருக்கும். இவற்றை ஒரே கட்டளையில் நீக்கத் தரப்பட்டுள்ளதுதான் "கிட் கிளீன்".

இங்கு கவனம் தேவை. எது குப்பை என்று கிட்டுக்குத் தெரியாது. "கிட் ஆட்" கட்டளை மூலம் நீங்கள் சேர்க்காத பைல்கள் எல்லாம் அதற்கு ஒன்றுதான். இன்று காலை எழுதி, இன்னும் சேர்க்காத புதிய பைலும் சேர்ந்து அழிந்துவிடும். அது ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லாது. கிட் அதைப் பதியவே இல்லை என்பதால், பழைய பதிவுகளிலிருந்தும் எடுக்க முடியாது.

எனவே கீழ்க்கண்டவாறு செய்திடுங்கள்.

1. கமாண்ட் பிராம்ப்ட்டில் உங்கள் புரோகிராம் உள்ள போல்டருக்குச் சென்று, "கிட் ஸ்டேட்டஸ்" கட்டளையைக் கொடுக்கவும். சேர்க்கப்படாத பைல்கள் தனியே காட்டப்படும். வேண்டியவற்றை "கிட் ஆட்" கொடுத்துச் சேர்த்துவிடவும்.

2. "கிட் கிளீன்" என டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு ஹைபனும் ஆங்கிலச் சிறிய எழுத்து "என்"னும் தந்து என்டர் தட்டவும். எதுவும் அழியாது. அழிய இருக்கும் பைல்களின் பெயர்கள் மட்டும் கிடைக்கும். போல்டர்களையும் நீக்க வேண்டும் என்றால் "டி" எழுத்தையும் சேர்க்கவும்.

3. பட்டியலை முழுவதும் படிக்கவும். சரி என்றால் "என்" இடத்தில் "எப்" தரவும். இப்போதுதான் பைல்கள் அழியும். கிட்டின் வழக்கமான செட்டிங்கில், இந்த "எப்" இல்லாமல் அது எதையும் அழிக்காது.

இன்னொரு எச்சரிக்கை. கிட் கண்டுகொள்ளக் கூடாத பைல்களை "கிட்இக்னோர்" பைலில் குறித்து வைப்போம். இவற்றை கிட் கிளீன் தொடாது. ஆனால் சிறிய "எக்ஸ்" எழுத்தைச் சேர்த்தால் இவையும் அழியும். பாஸ்வேர்ட் உள்ள செட்டிங்ஸ் பைல்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும்.

சந்தேகம் இருந்தால், முழு போல்டரையும் வேறொரு டிரைவில் காப்பி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.